கோதுமை வாங்காத வீட்டில் குளூட்டன்: ஒரு நிகழ்வு ஆய்வு

சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடுகிற நோய், என்று உறுதியான ஒரு பெண் பிள்ளை, ஒன்றரை வருடம் சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எதையும் தொடாமல் இருந்தாள். அப்படியும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு இயல்புக்கு வரவில்லை. வயிற்று உப்புசமும் முழுதாக விடவில்லை. ஏன் என்று தேடிப் போனதில், சமையலறை அலமாரியில் இருந்த ஒரு சின்ன டப்பாவும் தெருமுனையில் இருந்த மாவு மில்லும் சிக்கின. உணவியல் ஆலோசகராக அந்தத் தேடலில் பங்கெடுத்தவள் என்ற முறையில், பெற்றோரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதுவதற்குக் காரணம் உண்டு. குளூட்டன் இல்லாத உணவு பற்றி நம் ஊரில் கையில் கிடைக்கிற அட்டவணைகள் பெரும்பாலும் சப்பாத்தி சாப்பிடுகிற வீட்டை மனதில் வைத்துத் தயாரானவை. "கோதுமையை நிறுத்திவிட்டு அரிசிக்கு மாறுங்கள்" என்பதுதான் அவற்றின் சாரம். ஏற்கெனவே மூன்று வேளையும் அரிசி சாப்பிடுகிற வீட்டுக்கு அந்த அட்டவணை என்ன சொல்லும்?

பிள்ளைக்கு என்ன செய்தது

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊர். நோய் தெரிந்தபோது பெண்ணுக்கு வயது 13. அப்பா சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். அம்மா வீட்டில் தையல் வேலை பார்க்கிறார். கூட ஆச்சியும் ஒரு தம்பியும்.

வகுப்பில் அவள்தான் குள்ளம். ஐந்தாம் வகுப்பிலிருந்தே சோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். பூச்சி மருந்து பலமுறை கொடுத்தாயிற்று. வயிறு அடிக்கடி ஊதும். மலம் இளகலாகவும் எண்ணெய்ப் பசையோடும் போகும். வாயில் புண் வந்துகொண்டே இருக்கும். வயசுக்கு வரவில்லை என்பது ஆச்சியின் கவலை. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால் சத்துக்கு என்று மால்ட் பானம், சத்துமாவுக் கஞ்சி, பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட். மூன்றிலுமே குளூட்டன். மால்ட் பானம் பார்லியில் செய்வது, பலவற்றில் கோதுமையும் சேரும். சத்துமாவில் சம்பா கோதுமை ஒரு பங்கு இருக்கும். உடம்பு தேறட்டும் என்று கொடுத்ததெல்லாம் குடலை இன்னும் கெடுத்துக்கொண்டிருந்தது.

ஹீமோகுளோபின் 7.4-க்கு இறங்கியபோது குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர், மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்குப் பதில், கொடுக்கிற இரும்பு ஏன் உடம்பில் சேரவில்லை என்று யோசித்தார். டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு எழுதினார். கூடவே மொத்த ஐஜிஏ (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் பார்க்கச் சொன்னார். ஐஜிஏ பிறவியிலேயே குறைவாக இருந்தால் டிடிஜி பொய்யாக இயல்பு என்று காட்டிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மொத்த ஐஜிஏ சரியாக இருந்தது. டிடிஜி, மேல்வரம்பைப் போல 10 மடங்குக்கும் மேல். எண்டோஸ்கோப்பி செய்து முன்சிறுகுடலில் திசு எடுத்துப் பார்த்ததில் குடல் உறிஞ்சிகள், அதாவது சத்தை உள்ளே இழுக்கும் நுண்ணிய நீட்சிகள், ஏறக்குறைய தட்டையாகிக் கிடந்தன. குடல் சேதத்தை அளக்கும் மார்ஷ் வகைப்பாட்டில் மூன்றாம் நிலை.

சீலியாக் நோயை ஒவ்வாமை என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் தன் குடலையே தாக்குகிற நோய் இது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் அதைக் கிளப்பிவிடுகிறது. எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே வரும், அவர்களிலும் சிலருக்குத்தான் வரும். மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விலக்குவதுதான் சிகிச்சை.

நம் பக்கம் ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை

2016-இல் வெளியான பெரிய இந்திய ஆய்வு ஒன்று, வடக்கில் ஹரியானா, வடகிழக்கில் அசாம், தெற்கில் வேலூர்ப் பகுதி என மூன்று இடங்களில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. வடக்கில் ஆயிரத்தில் எட்டரைப் பேருக்கு சீலியாக் இருந்தது. தெற்கில் பத்தாயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கில் ஒருவர் நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம்.

இந்த எண்ணைப் படித்துவிட்டு "நமக்கெல்லாம் வராது" என்று நிம்மதி அடைவது தவறு என்பது என் கருத்து. ராத்திரிக்குப் பரோட்டா, சாயங்காலம் பேக்கரி, காலையில் சர்க்கரை நோய்க்காரருக்குக் கோதுமை தோசை என்று நம் தட்டு மாறிக்கொண்டே இருக்கிறது. மரபணு எப்போதும் இருந்ததுதான்.

நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் வில்லெம் கரேல் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவர். ஹேக் நகரில் வேலை பார்த்தவர். ரொட்டி கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் மோசமாகிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு 1930-களிலேயே இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனதும், பிறகு திரும்ப வந்ததும் அதை உறுதிப்படுத்தின. 1950-இல் ஆய்வேடாக எழுதினார். நான் இதை இங்கே சொல்வதற்குக் காரணம், ஒரு பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்த ஒரு மருத்துவரால்தான் இது வெளிவந்தது என்பது. இன்றைக்கும் வேலை அதேதான்.

ஒன்றரை வருடம் கழித்து

கோதுமையை நிறுத்தியதும் பலன் வேகமாகத்தான் வந்தது. சில வாரங்களில் வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது. எடை ஏறியது. டிடிஜி பாதிக்கும் கீழே இறங்கியது.

அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருடத்தில் எடுத்த அளவும் ஒன்றரை வருடத்தில் எடுத்த அளவும் ஒன்றேபோல், மேல்வரம்பைப் போல நாலு மடங்கு. ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, அடிமட்டத்திலேயே கிடந்தது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் டிடிஜி பெரும்பாலானவர்களுக்கு இயல்புக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரமே குணம் தெரியும். இவளுக்கு அது நடக்கவில்லை.

மருத்துவர் தைராய்டு பார்த்தார், மலப் பரிசோதனை செய்தார், பால் ஒத்துக்கொள்கிறதா என்று சில வாரம் நிறுத்திப் பார்த்தார். எதிலும் விடை இல்லை. குளூட்டனை முழுதாக விலக்கியும் ஆறாத அரிய வகை சீலியாக் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நடுத்தர வயதுக்கு மேல்தான் வரும், இவள் வயதில் நினைக்கவே வேண்டாத அளவுக்கு அபூர்வம். சீலியாக் சரியாகாமல் நிற்கும்போது முதல் சந்தேகம் எப்போதும் தெரியாமல் உள்ளே போகிற குளூட்டன் மேல்தான் விழ வேண்டும். அந்தச் சந்தேகத்தோடு என்னிடம் அனுப்பினார்.

பிள்ளை மறைத்துச் சாப்பிடுகிறாள் என்று அப்பாவுக்கு ஓர் எண்ணம். பள்ளியில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்திருப்பார்கள் என்றார். அவள் அழுதேவிட்டாள். இப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையை விசாரிப்பது பயன் தராது என்பது என் அனுபவம். குளூட்டன் உள்ளே போகும் வழியை அவளே அறியாதபோது அவளைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? வீட்டில் பாக்கெட்டாக, டப்பாவாக, பாட்டிலாக இருக்கிற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரச் சொன்னேன்.

கட்டைப்பையில் வந்தவை

இரண்டு கட்டைப்பை நிறைய வந்தது. ஆச்சியும் கூட வந்தார். மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து லேபிளைப் படித்தோம். பருப்பு, உளுந்து, புளி, வெல்லம், எண்ணெய், சிக்கலில்லை. சோள மாவு, ஜவ்வரிசி, சிக்கலில்லை. ரவையும் சேமியாவும் இல்லை, அவை கோதுமைதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. (இது எல்லா வீட்டிலும் தெரிந்திருப்பதில்லை. சப்பாத்தியை நிறுத்திவிட்டு ரவை உப்புமாவுக்கு மாறிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.) திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது என்பதால் அதையும் முதல் நாளே விட்டிருந்தார்கள். அந்த ஊரில் அதை விடுவது எளிதில்லை. பாராட்டினேன்.

பிறகு பெருங்காய டப்பா வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா, மூடியில் கொட்டுவதற்குச் சின்ன ஓட்டை. சேர்மானம் என்ற வரி டப்பாவின் வளைவில், ஒட்டின தாளின் ஓரம் சேரும் இடத்தில், கடுகைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். கீழே தனியாக "கோதுமை உள்ளது" என்ற ஒவ்வாமை எச்சரிக்கையும் இருந்தது.

ஆச்சிதான் முதலில் பேசினார். "பெருங்காயத்துல கோதுமையா? என்னம்மா சொல்லுதீய?"

நம்புவது கஷ்டம்தான். பெருங்காயம் ஒரு செடியின் வேரில் வடிகிற பால், காய்ந்து பிசினாவது. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்துதான் நமக்கு வருகிறது. இந்தியாவில் அந்தச் செடியை நட்டுப் பார்க்கத் தொடங்கியதே 2020-இல், இமாசலத்தின் லாகுல் பள்ளத்தாக்கில். அசல் பிசின் அப்படியே போட முடியாத அளவுக்குக் காரமும் நெடியும் கொண்டது, விலையும் அதிகம். அதனால் கோந்தும் மாவும் சேர்த்துப் பிசைந்துதான் கட்டியாகவோ தூளாகவோ விற்கிறார்கள். இது கலப்படமும் இல்லை. கூட்டுப் பெருங்காயம் என்ற பெயரில், கோந்தும் மாவுச்சத்தும் தானிய மாவும் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. அந்த மாவு சில தயாரிப்புகளில் அரிசி, பலவற்றில் கோதுமை அல்லது மைதா.

ஒரு சிட்டிகைதானே, அதில் என்ன வந்துவிடும் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஐந்து பேருக்கு வைக்கிற சாம்பாரில் கால் ஸ்பூன் தூள், ஏறக்குறைய முக்கால் கிராம். ஒருவர் பங்குக்கு 0.15 கிராம். அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் 0.075 கிராம். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக, ஒரு வேளை சாம்பாரில் 7 அல்லது 8 மில்லிகிராம். அந்த வீட்டில் ரசத்துக்கும் பெருங்காயம், மோருக்கும் பெருங்காயம், இட்லிப் பொடியிலும் பெருங்காயம். நாளைக்கு 20, 25 மில்லிகிராம் என்பது மிகையான மதிப்பீடு இல்லை. கட்டாசி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் கொடுத்தபோதே குடல் சேதம் தெரிந்தது. 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது இப்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் அளவு. பெருங்காயம் மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

டப்பாவோடு இது முடியவும் இல்லை. கடையில் வாங்குகிற சாம்பார் பொடி, ரசப்பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு, மிக்சர் எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. அவற்றின் லேபிளில் "பெருங்காயம்" என்ற ஒரு சொல்லோடு சேர்மானம் நின்றுவிடுவதும் உண்டு. உளுந்து அப்பளத்தில் கோதுமை இருக்கலாம் என்று எந்த அட்டவணை சொல்லியிருக்கிறது?

மாவு மில்

பெருங்காயம் கிடைத்ததும் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் 25 மில்லிகிராம் மட்டும் அந்த எதிர்ப்பொருள் அளவை இவ்வளவு உயரத்தில் பிடித்து வைத்திருக்குமா என்று எனக்குத் தோன்றியது. காலை உணவைக் கேட்டேன். இடியாப்பம், புட்டு, கேழ்வரகு அடை, கொழுக்கட்டை. கோதுமையை நிறுத்திய நாளிலிருந்து அம்மா இவற்றைக் கூட்டியிருந்தார். மாவு எங்கே வாங்குகிறீர்கள் என்றதும் பெருமையாகச் சொன்னார்: "கடை மாவே வாங்கறதில்ல மேடம். அரிசியக் கழுவிக் காயப்போட்டு மில்லுலதான் அரைக்கோம்."

அந்த மில்லுக்குப் போனேன். நம் ஊரில் எங்கும் பார்க்கக்கூடிய மில்தான். மிளகாய், மல்லிக்கு ஒரு மெஷின், மாவுக்கு ஒரு மெஷின், சீயக்காய்க்கு ஓரமாக ஒன்று. மாவு மெஷினில் கோதுமை, அரிசி, கேழ்வரகு, கடலைப்பருப்பு எல்லாம் மாறி மாறி விழுகிறது. வரிசையில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்து வாங்கிப் போனார். அடுத்தவர் அரிசி. மில்காரர் அந்த அரிசியில் ஒரு கை அள்ளி முதலில் போட்டு, வந்த மாவைத் தனியாகத் தள்ளிவிட்டு, மீதியை அரைத்தார். சுத்தமான வேலைதான். ஆனால் மெஷின் வாயில் கட்டியிருந்த துணிப்பையை அவர் ஒரு தட்டு தட்டியபோது உதிர்ந்த வெள்ளைத் தூள், காலையிலிருந்து அங்கே அரைபட்ட எல்லாத் தானியத்துக்கும் சொந்தம்.

நூறு கிராம் அரிசி மாவில் ஒரே ஒரு கிராம் கோதுமை மாவு ஒட்டி வந்தாலும் அதில் குளூட்டன் 100 மில்லிகிராம். ஓர் ஆள் சாப்பிடுகிற இடியாப்பத்தில், கட்டாசி ஆய்வில் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளுக்கு லேபிள் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல், இந்தியாவிலும் அதுதான். ஒரு சதவீதக் கலப்பு என்பது கிலோவுக்கு 1000 மில்லிகிராம். அனுமதியைப் போல 50 மடங்கு.

மில் அண்ணாச்சியிடம் விவரம் சொன்னோம். "காலையில மொத ஆளா வாங்க, ராத்திரியே கழட்டித் துடைச்சு வச்சிருதேன்" என்றார். நல்ல மனசு. ஆனாலும் துணிப்பையையும் உள்ளே பல்லிடுக்கையும் அந்த அளவுக்குச் சுத்தம் செய்வது நடக்காத காரியம். இனி மில் வேண்டாம் என்று முடிவானது.

தேடித் தேடி அரிசிக்கும் கேழ்வரகுக்கும் மாறிய அந்த அம்மாவின் அக்கறையே பிள்ளைக்குக் குளூட்டனைக் கொண்டுவந்து கொடுத்தது. இதை அவரிடம் சொல்லும்போது முகம் வாடிப்போனது. அவர் செய்ததில் பிழையே இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மற்றவை

இன்னும் சில கசிவுகள் அகப்பட்டன. வெயில் காலத்தில் ஆச்சி பார்லி அரிசி போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுப்பார், நீர்க்கடுப்புக்கு நல்லது என்று. கோதுமை வேண்டாம் என்று மட்டும் கேட்டிருந்தவருக்கு பார்லி நினைவுக்கு வரவில்லை. ஊருக்குப் போகும்போது ஹோட்டல் தோசை. சப்பாத்தி, பரோட்டா போடுகிற கல்லிலேயே தோசையும் வார்ப்பார்கள், சில இடங்களில் முறுகலுக்கு மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பார்கள். இட்லி அதைவிடப் பாதுகாப்பானது, சாம்பார் தொடாமல். சோளச் செதில்களில் மால்ட் சாறு. தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸில் ஊற்றுகிற சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. ஓட்ஸைப் பொறுத்தவரை, சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் சுத்தமான ஓட்ஸைத் தாங்குவார்கள். ஆனால் சாதாரணமாக விற்கிற ஓட்ஸ் கோதுமையோடு ஒரே வயலில், ஒரே ஆலையில் புழங்கியது. அதனால் விட்டுவிடச் சொன்னேன்.

நற்கருணை அப்பம் பற்றி அம்மாவே தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறுதோறும் பிள்ளை நற்கருணை வாங்குகிறாள். அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் விதி, முழுக்கக் குளூட்டன் நீக்கிய அப்பத்தை அது ஏற்பதில்லை. குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்துக்கு அனுமதி உண்டு, ஆனால் அது நம் ஊர்த் தேவாலயங்களில் எளிதில் கிடைப்பதில்லை. தேவைப்படுவோருக்குத் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பங்குத்தந்தையிடம் பேசினார்கள். பொதுக் கிண்ணத்தில் அப்பத்துண்டு ஒன்றைப் போடுவது வழக்கம் என்பதால், அவளுக்கென்று தனிக் கிண்ணம் வைக்க அவர் ஒப்புக்கொண்டார். வாரத்துக்கு ஒரு சின்ன அப்பம் என்பது குளூட்டன் கணக்கில் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு ஞாயிறும் பயந்துகொண்டே வாங்கியிருக்கிறாள். அது தீர்ந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வீண் பயங்களும் இருந்தன, அவற்றையும் களைந்தோம். குளுக்கோஸுக்கும் குளூட்டனுக்கும் சம்பந்தமில்லை. கவுனி அரிசி எவ்வளவு பிசுபிசுத்தாலும் அதில் குளூட்டன் கிடையாது. அஜினோமோட்டோவில் இல்லை. தேய்த்துக் குளிக்கிற சோப்பு தோல் வழியாகக் குடலைப் பாதிக்காது. நன்றாகக் கழுவிய எவர்சில்வர் தட்டு, டம்ளர் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கலாம். விலக்க வேண்டியதை விலக்குவது எவ்வளவு முக்கியமோ, விலக்க வேண்டாததை விலக்காமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். இந்தப் பிள்ளைகளின் தட்டு ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கிறது.

மாற்றியது, அதன் பலன்

அரிசி மாவும் கேழ்வரகு மாவும் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதாக மாறியது. அதற்கென்று புது ஜார், புது சல்லடை. முழுத் தானியத்தையும் கொட்டிப் பரப்பிப் பொறுக்குவார்கள், மூட்டையிலேயே கோதுமை மணி கலந்திருப்பது உண்டு. பெருங்காயத்துக்கு, அரிசி மாவில் செய்து குளூட்டன் இல்லாதது என்று லேபிள் போட்ட தூள் கிடைத்தது. கிடைக்காதபோது அசல் பால் பெருங்காயத்தை மிளகளவு தண்ணீரில் ஊறவைத்து அந்த நீரை விடுவார் ஆச்சி. வாசம் தூக்கலாக இருக்கிறது, இதுதான் தன் அம்மா காலத்து வாசம் என்கிறார். பொடிகள் எல்லாம் வீட்டிலேயே.

நாலாவது மாதம் டிடிஜி பாதியானது. அடுத்த ஒரு வருடத்துக்குள் இயல்புக்குள் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 12.1. ஃபெரிட்டின் மெல்ல ஏறியது. உயரம் கூடியது, அதற்கிடையில் வயசுக்கும் வந்தாள்.

இதில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பெருங்காயத்தையும் மில்லையும் பார்லியையும் ஒரே வாரத்தில் நிறுத்தினோம். அந்த டப்பாவையோ மில் மாவையோ ஆய்வகத்தில் கொடுத்து அளக்கவில்லை. மேலே போட்டவை மதிப்பீட்டுக் கணக்குகள்தான். ஆராய்ச்சி என்றால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். வளர்கிற பிள்ளையை வைத்து அப்படிச் செய்ய யாருக்கும் மனம் வராது. கணக்கின்படி பார்த்தால் மில் பெரிய கசிவு, பெருங்காயம் சிறிய கசிவு. ஆனால் மில்லை மட்டும் நிறுத்தியிருந்தாலும் பெருங்காயம் அவளைக் கோட்டுக்கு மேலேயே வைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

குடும்பத்தில் மற்றவர்கள்

சீலியாக் உள்ளவரின் உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் பரிசோதிக்க வேண்டும். அவர்களுக்கு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. தம்பிக்கும் அப்பாவுக்கும் டிடிஜி இயல்பு. அவர்கள் வெளியே பரோட்டா சாப்பிடுகிறவர்கள் என்பதால் அந்த முடிவை நம்பலாம். அம்மாவுக்கும் இயல்புதான் வந்தது. ஆனால் மகளுக்காக அவரும் ஒன்றரை வருடமாகக் கோதுமை சாப்பிடுவதில்லை. குளூட்டன் சாப்பிடாதவருக்கு டிடிஜி இயல்பாக வருவதில் எந்த அர்த்தமும் இல்லை. அவருக்கும் பல வருடச் சோகை உண்டு. மரபணுப் பரிசோதனையில் டிக்யூ2 இருக்கிறது. இல்லை என்று வந்திருந்தால் சீலியாக்கை அத்தோடு மறந்திருக்கலாம். இப்போது மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் கோதுமை சாப்பிட்டு மறுபடி பரிசோதிக்க வேண்டும். "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்று தள்ளிப்போடுகிறார். விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீலியாக்காக இருக்குமோ என்று சந்தேகப்படும் எவரும் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். நிறுத்தினால் உடம்பு தேறலாம், ஆனால் நோய் பிடிபடாமல் போய்விடும். நம் பக்கம் கோதுமை குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். சீலியாக் என்று எழுதிக் கொடுக்கும் தாளில் "கோதுமை தவிர்க்கவும்" என்ற வரியோடு நிறுத்தாதீர்கள். ரவை, மைதா, சேமியா, பார்லி, மால்ட், கூட்டுப் பெருங்காயம், மில்லில் அரைத்த மாவு என்று தமிழில் எழுதுங்கள். 2020-இல் வந்த லேபிள் விதிகள் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் தனியாக அறிவிக்கச் சொல்கின்றன. அதனால்தான் அந்தச் சின்ன டப்பாவில் கோதுமை என்ற சொல் இருந்தது. ஆனால் மளிகைக் கடையில் சில்லறையாக மடித்துக் கொடுக்கும் கட்டிப் பெருங்காயத்தில் லேபிள் ஏது? சில்லறையில் வாங்காதீர்கள் என்பதையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.

பிள்ளை இப்போது பத்தாவது முடித்திருக்கிறாள். பிளஸ் டூவுக்குப் பிறகு வெளியூர்க் கல்லூரியில் படிக்க ஆசை. விடுதிச் சமையலில் எதையும் கட்டுப்படுத்த முடியாது என்பதால், சமைக்க இடம் கொடுக்கிற விடுதியாகப் பார்க்க வேண்டும் என்று பேசியிருக்கிறோம். இடியாப்ப மாவு அரைத்துச் சலிப்பதை ஆச்சி அவளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார். கடையில் லேபிள் படிப்பது அவள் வேலை, போனில் படம் எடுத்துச் சந்தேகமிருந்தால் எனக்கு அனுப்புவாள். வருடத்துக்கு ஒருமுறை டிடிஜியும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். இவ்வளவு காலம் சுண்ணாம்புச்சத்து சரியாகச் சேராததால் எலும்பு அடர்த்தியையும் இந்த வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.